திருக்கருகாவூர் நெய்ப் பிரசாதம்: 48 இரவுகளும் அவற்றுக்குப் பிறகும்

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் வட்டத்தில், வெட்டாற்றங்கரை ஊரான திருக்கருகாவூரில், முல்லைவனநாதர் கோயிலில் குடிகொண்டிருக்கும் கர்ப்பரட்சாம்பிகை அம்மனின் திருவடியில் வைத்துப் பூசித்து, குழந்தை வரம் வேண்டி வருவோருக்குத் தரப்படும் நெய்யைப் பற்றியது இந்த மதிப்புரை. திருமணமாகி 12 ஆண்டுகள் ஆன பின்னும், அவற்றில் 9 ஆண்டுகளைக் காத்திருப்பிலேயே கழித்த பின்னும், அந்த நெய்யை இரண்டு முறை முழு மண்டலம் உண்டு முடித்து, மூன்றாம் முறை உண்டுகொண்டிருக்கும் ஒருத்தியாக இதை எழுதுகிறேன். இதைத் தேடி வாசிப்பவர்களில் பெரும்பாலோர் "பலன் கிடைத்ததா?" என்ற ஒரே கேள்வியோடுதான் வருவார்கள் என்பதை அறிவேன், நானும் அந்தக் கேள்வியோடுதான் பிறர் எழுதியவற்றை இரவு இரவாகத் தேடி வாசித்தேன். ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்களுக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லை. ஆயினும் காத்திருக்கும் தம்பதியர் யார் கேட்டாலும் இந்தப் பிரசாதத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

கோயிலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். காவிரித் தென்கரைப் பாடல் பெற்ற தலங்களில் இது 18ஆவது. சம்பந்தரும் அப்பரும் பாடியது. சுவாமி புற்று மண்ணால் ஆன சுயம்பு லிங்கம் ஆகையால் அபிஷேகம் கிடையாது, புனுகு சாற்றுகிறார்கள். வளர்பிறைப் பிரதோஷத்தன்று புனுகு சாற்றக் கொடுத்து, தீராத நோய் தீர வேண்டுவோரும் பலர். தலமரம் முல்லை. ஆனால் இன்று தொலைவிலிருந்து வரும் பெரும்பாலோரை இழுப்பது அம்மன் சந்நிதிதான். நின்ற கோலத்தில், ஒரு கையை அடிவயிற்றைத் தாங்குவது போல வைத்திருக்கும் அந்தத் திருமேனியை முதன்முறை பார்த்தபோது எனக்கு வேண்டுதல் எதுவும் நினைவுக்கு வரவில்லை. என் கையும் தானாக என் வயிற்றுக்குப் போனது மட்டுமே நினைவிருக்கிறது.

நாங்கள் திருச்சியில் இருப்பவர்கள். மயிலாடுதுறை செல்லும் ரயிலில் ஏறிப் பாபநாசத்தில் இறங்கினால், அங்கிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர். பேருந்தும் ஆட்டோவும் கிடைக்கின்றன. தஞ்சாவூரிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் நேர்ப் பேருந்துகள் உண்டு. மதியத்தில் நடை சாத்தப்பட்டு மாலையில்தான் மீண்டும் திறக்கும் என்பதால் காலையிலேயே போய்ச் சேர்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் முகூர்த்த நாட்களிலும் கூட்டம் மிகுதி. இரண்டு முறை ஞாயிறும் ஒரு முறை புதன்கிழமையும் சென்றவள் என்ற முறையில், விடுப்பு எடுத்தாவது வார நாளில் செல்லுங்கள் என்பேன். வரிசையில் நின்றபடி அம்மனைப் பார்ப்பதற்கும், சந்நிதியில் சற்று நின்று பார்ப்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது.

நடைமுறை எளிமையானது. குழந்தை வேண்டி வருபவர்களும், திருமணம் தள்ளிப்போகிறதே என்று வேண்டி வரும் பெண்களும், அம்மன் சந்நிதியின் வாசற்படியை நெய்யால் மெழுகிக் கோலமிடுகிறார்கள். அரிசி மாவில் கோலமிட்டுப் பழகிய விரலுக்கு நெய்க் கோலம் முதலில் வசப்படாது. கோடு தெரியாது, விளக்கு வெளிச்சத்தில் பளபளப்பு மட்டும் தெரியும். என்ன வரைந்தோம் என்று நமக்கே உறுதியாகத் தெரியாத அந்தக் கோலத்தை வரைந்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை நடந்த பின் அர்ச்சகர் நெய்ப் புட்டியை அம்மன் திருவடியில் வைத்து எடுத்துத் தருகிறார். அந்த நெய் அளவில் சிறிதுதான்; வீட்டுக்கு வந்து அரைக் கிலோ அளவுக்கு நல்ல நெய்யோடு அதைக் கலந்துகொண்டு, கணவனும் மனைவியும் நாள்தோறும் இரவில் உறங்கப் போகும் முன் சிறிதளவு உண்ண வேண்டும். 48 நாட்கள். பத்தியம் எதுவும் இல்லை. மாதவிலக்கின் 5 நாட்களில் மனைவி உண்பதில்லை. கணவர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால் மனைவி மட்டும் உண்டாலும் போதும் என்கிறார்கள்.

இந்தக் கடைசிச் சலுகையைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள் என்பதே என் முதல் பரிந்துரை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நெய்யின் சுவையைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. கலக்கும் நெய் எத்தகையதோ அத்தகையதே சுவை. முதல் முறை அவசரத்தில் அருகிலிருந்த கடையில் வாங்கிய நெய் வாயில் மெழுகு போல ஒட்டிக்கொண்டது, மணமும் இல்லை. இரண்டாம் முறை, என் மாமியார் வெண்ணெய் வாங்கி வீட்டிலேயே உருக்கிக் கொடுத்தார். முருங்கைக்கீரை ஒரு கொத்து போட்டு, மணல் மணலாக இறங்கிய அந்த நெய்யில் கோயில் நெய்யைக் கலந்தபோது வீடு முழுவதும் மணத்தது. உருக்கத் தெரிந்தவர்கள் வீட்டிலேயே உருக்கிக்கொள்ளுங்கள். ஈரக் கரண்டி போடாமல் இருந்தால் 48 நாட்களுக்கும் கெடாது. கண்ணாடிச் சீசாதான் ஏற்றது. ரயில் பயணத்தில் பிரசாதப் புட்டியைப் படுக்க வைத்துவிட்டு, பாதி நெய்யைப் பையிலிருந்த புடவைக்குக் கொடுத்தது என் கவனக்குறைவு. நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வாருங்கள்.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். "கருகாவூர் நெய்" என்ற பெயரில் வெளியாட்கள் சிலர் இணையத்தில் பல மடங்கு விலைக்கு விற்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு நெருக்கமான ஒருத்தி அப்படி ஒருவரிடம் பெருந்தொகை கொடுத்து, "குழந்தை உறுதி" என்று அச்சிட்ட புட்டி ஒன்றை வாங்கி ஏமாந்தாள். கோயிலில் தரும் நெய்யோடு எந்த உறுதியும் வருவதில்லை. அந்த உறுதி இல்லாமைதான் அது உண்மையான பிரசாதம் என்பதற்கு அடையாளம் என்று எனக்குத் தோன்றுகிறது. நேரில் வர இயலாதவர்கள் அஞ்சலில் பெறுவது பற்றிக் கோயில் அலுவலகத்திலேயே விசாரித்துக்கொள்ளலாம், இடைத்தரகர்கள் வேண்டாம்.

இனி, இந்த நெய் எங்களுக்கு என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு, அதற்கு முன் எங்கள் வீட்டில் காத்திருப்பு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

காத்திருப்பு முழுவதும் என்னுடையதாக இருந்தது. நாள் கணக்கு வைப்பவள் நான். ஊசி போட்டுக்கொள்பவள் நான். மாத முடிவில் குளியலறையில் நின்று, அழுகையின் ஒலி வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்து வைப்பவளும் நான். "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி எந்தத் திருமண வீட்டிலும் என் கணவரிடம் கேட்கப்பட்டதில்லை. ஒரு சிகிச்சை மையத்தில் இரண்டு முறை கருத்தரிப்புச் சிகிச்சை செய்துகொண்டோம். இரண்டாம் முறை பலிக்கவில்லை என்ற செய்தியை அங்கிருந்த ஓர் ஊழியர், அடுத்த சுற்றுக்கான கட்டணத் தாளை நீட்டியபடியே சொன்னார். அவர் வேறு யாருக்கோ தொலைபேசியில் பதில் சொல்லிக்கொண்டே அதைச் சொன்னார் என்பதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. என் கணவர் அன்று வண்டி நிறுத்தத்தில் எனக்காகக் காத்திருந்தார். மருத்துவத்தின் மீது எனக்குக் குறை இல்லை. எத்தனையோ வீடுகளில் அது விளக்கேற்றி வைத்திருக்கிறது. ஆனால் நாங்கள் இருவரும் வேறு வேறு இடங்களில் நின்று காத்திருந்தோம் என்பது அன்று வீடு திரும்பும் வழியில், அவர் முதுகைப் பார்த்தபடி அமர்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கடவுளிடமும் அப்போது எனக்கு நல்லுறவு இல்லை. வேண்டுதல் என்ற பெயரில் நான் செய்துகொண்டிருந்தது பேரம். இத்தனை வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறேன், நீ இதைக் கொடு. இத்தனை விளக்கு ஏற்றுகிறேன், இந்த மாதமே கொடு. கொடுக்காத மாதங்களில் விளக்கு ஏற்றாமல் இருந்து அம்மனைத் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டேன். திருக்கருகாவூருக்கு முதல் முறை சென்றதுகூட அந்தப் பேரத்தின் கடைசி முயற்சியாகத்தான். மாமியார் சொன்னார், மறுக்கத் தெம்பில்லாமல் போனேன்.

நெய் உண்ணத் தொடங்கிய முதல் வாரத்தில் ஒன்றும் நிகழவில்லை. உறங்கப் போகும் முன் இருவரும் பூசை மாடத்தின் முன் நின்று, ஒரு சிறு எவர்சில்வர் கரண்டியால் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வோம். ஒரு நிமிடம்கூட ஆகாது. பத்தாம் நாள் வாக்கில்தான் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். என் கணவர் ஒரு தொழிற்சாலையில் மாறி மாறி வரும் பணி நேரங்களில் வேலை பார்ப்பவர். அதுவரை இரவில் நான் உறங்கிய பின் வந்து, நான் எழும் முன் உறங்கிக்கொண்டிருப்பவர். நெய்க்காக அவர் என்னை எழுப்பத் தொடங்கினார். அல்லது நான் அவருக்காக விழித்திருக்கத் தொடங்கினேன். எழுப்பிய பின் உடனே படுக்க முடிவதில்லை. கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நாளோ இருபதாம் நாளோ, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவர், "அன்றைக்கு நான் உள்ளே வந்திருக்க வேண்டும்" என்றார். எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. மூன்று ஆண்டுகளாக அவர் அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை.

கணவர் உண்ண இயலாவிட்டால் மனைவி மட்டும் உண்ணலாம் என்ற சலுகையைத் தவிர்த்துவிடுங்கள் என்று மேலே சொன்னது இதனால்தான். குழந்தைக்கான மருந்தும் விரதமும் பெரும்பாலும் பெண்ணின் உடல் மீதே ஏற்றப்படும் நம் வழக்கத்தில், ஒரே சீசாவிலிருந்து, ஒரே கரண்டியால், இருவரும் சமமாக உண்ண வேண்டும் என்று சொல்லும் ஒரு வழிபாட்டை நான் அதற்கு முன் கண்டதில்லை. இதைத் தொடங்கி வைத்தவர் யாராக இருந்தாலும் காத்திருக்கும் தம்பதியரின் வீட்டை நன்கு அறிந்தவராகவே இருந்திருக்க வேண்டும்.

அந்த 5 நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறருக்கு அது ஒரு விதி. எங்களைப் போன்றவர்களுக்கோ அந்த 5 நாட்களின் வருகையே அந்த மாதத்தின் விடை. முதல் மண்டலத்தில் அவை வந்தபோது, இனி எதற்கு என்று சீசாவை உள்ளே தள்ளி வைத்துவிட்டேன். ஆறாம் நாள் இரவு என் கணவர் அதை வெளியே எடுத்து வைத்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கையைத் தொடர்ந்தோம். வராது என்ற விடை கிடைத்த பின்னும் அடுத்த நாள் இரவு கரண்டியைக் கையில் எடுப்பதற்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்திருக்கிறேன். நம்பிக்கை என்று சொன்னால் பெரிய சொல்லாகத் தோன்றுகிறது. அந்த ஆறாம் நாள் இரவு எனக்கு நம்பிக்கை என்று எதுவும் இருந்ததாக நினைவில்லை. எடுத்து வைக்கப்பட்டிருந்த நெய்யை உண்டேன், அவ்வளவே. ஆனால் இப்போது திரும்பிப் பார்க்கையில், பேரம் முடிந்தது அந்த இரவில்தான் என்று தெரிகிறது. கொடுத்தால்தான் தொடர்வேன் என்ற நிபந்தனை, கொடுக்காத பின்னும் தொடர்ந்த அந்த ஒரு கரண்டியில் கரைந்துபோயிற்று.

தலவரலாற்றை அதன் பிறகுதான் நிதானமாகப் படித்தேன். முல்லை வனத்தில் நிருத்துவ முனிவரும் வேதிகையும் குழந்தை வேண்டி வழிபட, வேதிகை கருவுறுகிறாள். முனிவர் வருணனைக் காணச் சென்றிருந்த நேரத்தில் ஊர்த்துவபாதர் என்ற முனிவர் பிச்சைக்கு வருகிறார். கருவுற்ற களைப்பில் வேதிகை எழுந்து வர முடியாமல் போக, அவர் சபிக்கிறார். கரு கலையத் தொடங்குகிறது. அவள் அம்மனை அழைக்கிறாள். அம்மன் அந்தக் கருவை ஒரு தெய்வீகக் குடத்தில் வைத்து, மாதம் நிறையும் வரை காத்து, நைத்துருவன் என்ற குழந்தையாகக் கொடுக்கிறாள். பெற்றவளிடம் பால் இல்லாததால் காமதேனு வந்து பால் பொழிகிறது. கோயிலுக்கு எதிரேயுள்ள பாற்குளம் அந்தப் பால் பெருகிய இடம் என்பார்கள். கரு காத்த ஊர் ஆகையால் கருகாவூர் என்று மக்கள் பொருள் சொல்கிறார்கள்.

இந்தக் கதையைச் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆனால் ஒன்றை இந்த முறைதான் கவனித்தேன். அம்மன் நினைத்திருந்தால் அந்தக் கணமே குழந்தையை உருவாக்கிக் கையில் கொடுத்திருக்கலாம். தெய்வம்தானே? அவள் அப்படிச் செய்யவில்லை. குடத்தில் வைத்து, மாதங்கள் ஒவ்வொன்றாக நிறையும் வரை அவளும் காத்திருந்தாள். நமக்குக் காத்திருப்பைக் கொடுத்துவிட்டு எங்கோ அமர்ந்திருப்பவளாகத்தான் ஒன்பது ஆண்டுகளும் அவளை நினைத்திருந்தேன். காத்திருப்பதுதான் அவளுடைய வேலையே என்று இந்தக் கதை சொல்கிறது. வயிற்றைத் தாங்கிய அந்தக் கை, கொடுக்கும் கை மட்டுமில்லை, பொறுத்திருக்கும் கையும்கூட.

அப்பர் இத்தலத்துத் தாண்டகத்தில் இறைவனைப் "பாலின் நெய்யாம்" என்கிறார். கையில் நெய்க் கரண்டியோடு இந்த அடியை எண்ணிப் பார்த்தேன். பாலைக் காய்ச்சி ஆற வைத்து, உறை ஊற்றி ஓர் இரவு விட்டு, கடைந்து, வெண்ணெய் திரட்டி, அதையும் சிறு தீயில் பொறுமையாக உருக்கினால்தான் நெய். பாலைப் பார்த்தவர் எவரும் அதில் நெய் தெரியவில்லை என்பதால் நெய் இல்லை என்று சொல்லிவிடுவதில்லை. என் மாமியார் எந்தப் பதிகமும் அறியாதவர். அடுப்பைக் கூட்டி வைத்து விரைவாக உருக்கிவிடலாமே என்று நான் சொன்னபோது, "அவசரப்படுத்தினா கருகிடும்மா" என்றார்.

இரண்டாம் மண்டலத்துக்கான நெய் வாங்கச் சென்றபோது, முதல் முறை நான் பார்க்க மறுத்த ஒன்றைப் பார்த்தேன். வேண்டுதல் நிறைவேறியவர்கள் குழந்தையோடு வந்து, துலாபாரம் கொடுத்து, தங்கத் தொட்டிலில் குழந்தையைக் கிடத்தி எடுத்துச் செல்லும் வழக்கம் அங்கே உண்டு. கருவுற்ற பெண்கள் சுகப்பிரசவம் வேண்டி, அம்மன் திருவடியில் வைத்துத் தரும் விளக்கெண்ணெயை வாங்க வருகிறார்கள்; வலி எடுக்கும்போது வயிற்றில் தடவுவதற்கு. ஆக, ஒரே கூடத்தில் கையில் குழந்தையோடு இருப்பவளும், வயிற்றில் குழந்தையோடு இருப்பவளும், எதுவும் இல்லாமல் நிற்பவளும் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. முதல் முறை அது எனக்குக் கொடுமையாகத் தோன்றியது. தொட்டில் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. உறவினர் வீட்டு வளைகாப்புகளிலிருந்து என்னை நாசூக்காக விலக்கி வைத்திருந்தவர்களைப் போல நானே என்னை விலக்கிக்கொண்டேன்.

இரண்டாம் முறை, பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் தன் பேத்தியைத் தொட்டிலில் இட வந்திருந்தார். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், "உங்களுக்கு எத்தனை வருஷமாச்சு தாயி?" என்று கேட்டார். வேறு எங்கு யார் கேட்டிருந்தாலும் சுருங்கிப் போயிருப்பேன். பன்னிரண்டு என்றேன். "எம்மவளுக்குப் பதினாலு" என்று சொல்லிவிட்டு, கேட்காமலேயே குழந்தையை என் கையில் கொடுத்தார். தொட்டிலுக்கு முறை வரும் வரை நான்தான் வைத்திருந்தேன். குழந்தை இல்லாதவள் கையில் பச்சைக் குழந்தையைக் கொடுக்கத் தயங்கும் ஊரில் வாழ்ந்தவள் நான்.

இந்தப் பிரசாதம் யாருக்கு ஏற்றது? மருத்துவத்துக்குப் பதிலாக இதை எண்ணி வருபவர்களுக்கு ஏற்றதல்ல. வயது ஏற ஏறக் கருத்தரிக்கும் வாய்ப்பு குறையும் என்பதை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மண்டலம் முடியட்டும் என்று பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். கணவருக்கும் பரிசோதனை அவசியம். கரண்டியில் சமம் என்றால் அதிலும் சமமாகத்தான் இருக்க வேண்டும். மருத்துவர் கொடுத்த ஃபோலிக் அமில மாத்திரையை நெய் உண்கிறோம் என்று நிறுத்த வேண்டாம். இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தவர்களும் இதய நோய் உள்ளவர்களும் கரண்டி நிறைய உண்ண வேண்டிய தேவை இல்லை. நாக்கில் ஒரு துளி வைத்தாலும் அது பிரசாதம்தான். மற்றபடி, காத்திருந்து காத்திருந்து பேசிக்கொள்ள எதுவும் இல்லாமல் போய்விட்ட தம்பதியர் யாராக இருந்தாலும் அவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பேன்.

இரண்டாம் மண்டலம் முடிந்த சில மாதங்களுக்குப் பின், மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் நாங்கள் பதிவு செய்தோம். பல ஆண்டுகளாக எங்கள் இருவர் மனத்திலும் இருந்தும் ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் இருந்தது அது. அதுவும் நெய்க் கரண்டியோடு நின்ற ஓர் இரவில்தான் வாய்விட்டு வந்தது. சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து எங்களோடு பேசி, வீட்டையும் வருமானத்தையும் உடல்நலச் சான்றுகளையும் பார்த்து அறிக்கை கொடுத்துவிட்டார். இனி முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். பதிவு செய்து காத்திருக்கும் பெற்றோர் மிகுதி, சட்டப்படி தத்துக்குத் தயாராக இருக்கும் குழந்தைகளோ குறைவு, ஆகவே ஆண்டுக் கணக்கில் ஆகலாம் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். முன்பு இருந்த நானாக இருந்தால் இந்தச் செய்தியே என்னை முறித்திருக்கும்.

மூன்றாம் முறை திருக்கருகாவூர் சென்றது அதற்குப் பிறகு. படி மெழுகப் போகும் முன் ஒரு தயக்கம் வந்தது. நான் பெறப்போகும் குழந்தைக்காகத்தான் இங்கே கோலமிட வேண்டுமா, வேறொருத்தி பெற்று எங்களுக்கு வரப்போகும் குழந்தைக்காகவும் இடலாமா? அர்ச்சகரிடம் கேட்டேன். அவர் சற்று யோசித்தார். "வேதிகை வயித்துலயாம்மா அந்தக் குழந்தை வளர்ந்தது?" என்று கேட்டுவிட்டு, தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

குடத்தில் வளர்ந்து, பசுவின் பால் குடித்து, மாதம் நிறைந்த பின் பெற்றோர் கைக்கு வந்த பிள்ளைதான் நைத்துருவன். இத்தனை முறை படித்தும் கேட்டும் அது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. எங்கள் பிள்ளை இந்நேரம் பிறந்திருக்கலாம். யாரோ ஒருவர் பால் புகட்டிக்கொண்டிருக்கலாம். இன்னும் கருவாகவே ஆகாமலும் இருக்கலாம். எதுவாயினும், அந்தக் குடத்தைத் தாங்கியிருப்பவள் கை தவறவிடாது என்று இப்போது என்னால் நினைக்க முடிகிறது. நினைக்க முடியாத நாட்களும் இருக்கின்றன. அந்த நாட்களிலும் நெய் உண்கிறோம்.

இன்று 31ஆம் நாள். மார்கழிக் குளிரில் சீசாவில் நெய் உறைந்துவிட்டது. நேராக அடுப்பில் வைக்காமல், வெந்நீர் ஊற்றிய கிண்ணத்தில் சீசாவைச் சிறிது நேரம் இறக்கி வைத்தால் இளகிவிடும். என் கணவருக்கு இந்த வாரம் இரண்டாம் பணி நேரம். வந்து சேரப் பதினொன்றரை ஆகும். வெந்நீர் வைத்துவிட்டேன்.